அடித்த வாகனத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை: நட்டஈட்டை யாரிடம் கேட்பது?

"இன்சூரன்ஸ் இல்லையாம். இனி அவனிட்ட என்னத்தை எடுக்கிறது?"

திருகோணமலையில் கண்டி வீதியிலோ நிலாவெளி வீதியிலோ ஒரு கார் அடிபட்டு நின்றால், சுற்றிக் கூடியவர்களில் ஒருவராவது இதைச் சொல்லாமல் போக மாட்டார். அடிபட்டவரும் நம்பிவிடுகிறார். கையில் திணிக்கும் பத்தாயிரத்தையோ இருபதாயிரத்தையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். கராஜில் பம்பரைக் கழற்றிய பிறகுதான் ரேடியேட்டர் தாங்கி உள்ளே போயிருப்பதும் செசி நுனி வளைந்திருப்பதும் தெரியவருகிறது. அப்போது அந்தத் தொலைபேசி இலக்கம் வேலை செய்யாது.

அந்தப் பேச்சு தவறு. இலங்கையில் விபத்து நட்டஈடு ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒருவருடைய கவனயீனத்தால் இன்னொருவருக்கு இழப்பு வந்தால், இழப்பை ஏற்படுத்தியவர் அதை ஈடுசெய்ய வேண்டும். காப்புறுதி இருக்கிறதா இல்லையா என்பதால் அந்தக் கடமை மாறாது. காப்புறுதி இருந்தால் பணம் கம்பனியிலிருந்து வரும். இல்லாவிட்டால் ஓட்டுனர், உரிமையாளர், அவர்களை வேலைக்கு வைத்தவர் ஆகியோரின் கையிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் கை யாருடையது, அதில் என்ன இருக்கிறது என்பதை முதல் நாளிலிருந்தே தேட வேண்டும். இந்தப் பதிவு முழுவதும் அந்தத் தேடலைப் பற்றியதுதான்.

முதல் மணித்தியாலம்

காயப்பட்டவர் இருந்தால் 1990, பிறகு 119. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வாகனங்களை ஓரங்கட்டுவதற்கு முன் படமெடுங்கள். கிட்ட நின்று எடுக்கும் படங்களை விட, இருபது முப்பது அடி தள்ளி நின்று இரண்டு வாகனமும் வீதியின் நடுக்கோடும் ஏதாவது அசையாத அடையாளமும் ஒன்றாகத் தெரியும்படி எடுக்கும் நான்கு படங்கள் பெறுமதியானவை. கடைப் பெயர்ப்பலகை, மின்கம்பம், மதகு, கிலோமீற்றர் கல் எதுவும் சரி. டயர் தேய்ந்த தடம், சிதறிய கண்ணாடி, மண் கொட்டிய இடம் ஆகியவற்றைத் தனியாக எடுங்கள். மோதிய புள்ளி எது என்பதை அநேகமாக அந்தக் கண்ணாடியும் மண்ணும்தான் காட்டும். பொலிஸார் வரும்போது பாதி மிதிபட்டுப் போயிருக்கும்.

அடுத்து எதிராளியின் அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாகன இலக்கத் தகடு. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தையும் படமெடுங்கள். அதைக் காட்டி "எல்லாம் சரியா இருக்கு அண்ணை" என்பார்கள். அனுமதிப்பத்திரம் எடுக்கிற நாளில் காப்புறுதி இருந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அனுமதிப்பத்திரம் ஒரு மாதத்திலும் காப்புறுதி வேறொரு மாதத்திலும் முடியலாம். இடைப்பட்ட காலத்தில் ஓடும் வாகனங்கள் நம் பக்கத்தில் நிறைய. டிராக்டர், லேண்ட்மாஸ்டர், பழைய முச்சக்கர வண்டி, வயலுக்கும் வாடிக்கும் மட்டும் ஓடும் பட்டா லொறி ஆகியவற்றில் இதை இன்னும் அதிகம் காணலாம்.

காப்புறுதிச் சான்றிதழைக் காட்டினால் கையில் வாங்கி வாசியுங்கள். முதலில் வாகன இலக்கம், பிறகு எந்தத் திகதி தொடக்கம் எந்தத் திகதி வரை, பிறகு எத்தனை மணிக்கு என்பது. இந்தக் கடைசி விடயத்தைப் பலர் பார்ப்பதில்லை. இப்போது தொலைபேசியிலேயே சில நிமிடங்களில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி (சொந்த வாகனத்துக்கு அல்லாமல், அடிபட்ட மற்றவருக்கு மட்டும் ஈடுசெய்வது) எடுக்கலாம். காலை 9.30க்கு அடித்துவிட்டு 10.15க்கு எடுத்த சான்றிதழைப் பொலிஸில் நீட்டினால், அது அந்த விபத்துக்குச் செல்லாது. தற்காலிகக் கவர் நோட் என்றால் எத்தனை நாளுக்கு என்று பாருங்கள். காசோலை திரும்பியதால் இரத்தான காப்புறுதியும் உண்டு. சான்றிதழில் இருக்கும் கம்பனிக்கு அழைத்து இலக்கத்தைச் சொன்னால், இன்றைக்கு உயிரோடு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அவர்கள் "இல்லை" என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். எதிராளியிடம் காப்புறுதி இல்லை என்பதற்கும் ஒரு தாள் வேண்டும், பின்னால் அது உதவும்.

மாறாக, "ஓட்டினவனுக்கு லைசன்ஸ் இல்லை, குடிச்சிருந்தவன், அதால கம்பனி தராது" என்று யாராவது சொன்னால் உடனே கைவிடாதீர்கள். அது கம்பனிக்கும் அவர்களுடைய வாடிக்கையாளருக்கும் இடையிலான பிரச்சினையாக இருக்கலாம். மரணமோ காயமோ ஏற்பட்ட மூன்றாம் தரப்பாருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் கம்பனி மீது தனியான கடமையை வைத்திருக்கிறது. வழக்குப் பற்றிய அறிவித்தல் உரிய காலத்துக்குள் கம்பனிக்கு எழுத்தில் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பக்கத்துக் கடையில் கமரா இருந்தால் அன்றே கேளுங்கள். சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கடைக்காரர் பிரதி தரத் தயங்கினால், திரையில் ஓடுவதையாவது உங்கள் தொலைபேசியில் பதிந்துகொண்டு, மூலப் பதிவை எடுத்து வைக்கும்படி பொலிஸாரிடம் சொல்லுங்கள்.

பொலிஸில் எழுதப்படும் மூன்று தாள்கள்

"நானா, பொலிசுக்குப் போகாம முடிப்பம், கோட்டும் கேசும் எதுக்கு?" இதைச் சொல்பவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் முறைப்பாடு இல்லாமல் முடிக்காதீர்கள். எதிராளியிடம் காப்புறுதி இருந்தால்கூட ஒரு கம்பனியின் கோப்பாவது இருக்கும். காப்புறுதி இல்லாத விபத்தில் பொலிஸ் பதிவைத் தவிர வேறு எந்தக் கோப்பும் உருவாகாது.

எந்தப் பொலிஸ் நிலையம் என்பதில் குழப்பம் வரும். உப்புவெளி, சீனக்குடா, நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம், கந்தளாய் எல்லாம் தனித்தனி எல்லைகள். விபத்து நடந்த இடம் எதன் எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் பதிய வேண்டும். வீட்டுக்குக் கிட்ட இருப்பதில் பதிந்தால் அலைச்சல்தான்.

முதல் தாள் உங்கள் வாக்குமூலம். இதில்தான் நம் ஆட்கள் அதிகம் தோற்கிறார்கள். நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், எழுதுபவர் சிங்களத்தில் எழுதுகிறார், கடைசியில் நீங்கள் கையெழுத்து வைக்கிறீர்கள். "நான் இடது பக்கம் நின்று கொண்டிருந்தேன்" என்றது "இடது பக்கம் திரும்பிக் கொண்டிருந்தேன்" என்று ஆகிவிட்டால், ஒன்றரை வருடம் கழித்து நீதிமன்றத்தில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு குறுக்கு விசாரணை நடக்கும். வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. தமிழில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால் காத்திருங்கள். அதற்கு வழியே இல்லையென்றால், எழுதியதை வரிவரியாக மொழிபெயர்த்து வாசித்துக் காட்டும்படி கேட்டு, பிழையைத் திருத்திய பிறகே கையெழுத்திடுங்கள். விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தை விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ள விடயம். நீங்கள் சலுகை கேட்பதாக நினைக்கத் தேவையில்லை.

வாக்குமூலத்தில் வேகத்தை ஊகித்துச் சொல்லாதீர்கள். "நாற்பது ஐம்பதில வந்திருப்பன்" என்ற வாய்வார்த்தை எழுத்தில் "50" ஆக நிற்கும். உடம்பு நோவு சிறியதென்றாலும் சொல்லுங்கள். கழுத்து, முதுகு, முழங்கால் நோவுகள் அடுத்த நாள்தான் தலைகாட்டும். முதல் வாக்குமூலத்தில் "காயமில்லை" என்றிருந்தால் அதை மாற்றுவது பெரும்பாடு.

இரண்டாவது தாள் பருமட்டான வரைபடம். உத்தியோகத்தர் அளவு நாடாவோடு வந்து வீதி அகலம், வீதியோரத்திலிருந்து ஒவ்வொரு வாகனத்துக்கும் உள்ள தூரம், மோதிய புள்ளி ஆகியவற்றைக் குறிப்பார். அப்போது கூடவே நில்லுங்கள். மோதிய புள்ளி நடுக்கோட்டின் எந்தப் பக்கம் குறிக்கப்படுகிறது என்பதே வழக்கின் முதுகெலும்பு. வாகனத்தைக் காட்டும் சிறு சதுரம் ஒரு மீற்றர் தள்ளிப் போனால் கவனயீனம் உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். குறித்தது பிழை என்று பட்டால் அங்கேயே சொல்லி, உங்கள் மறுப்பையும் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மோட்டார் வாகனப் பரிசோதகரின் அறிக்கை. எதிராளியின் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு எப்படி இருந்தன என்பதை இவர்தான் எழுதுகிறார். காப்புறுதி எடுக்காமல் ஓட்டுகிறவர் பிரேக் ஷூ மாற்றுவதையும் தள்ளிப்போட்டிருக்கலாம் என்பதால் இந்த அறிக்கை முக்கியம். உங்கள் காரையும் அவர் பார்த்த பிறகே கராஜுக்கு விடுங்கள். அவசரப்பட்டுத் திருத்திவிட்டால், சேதம் இந்த விபத்தில் வந்ததா பழையதா என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகும்.

காயம் இருந்தால் திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ கிட்ட உள்ள அரச வைத்தியசாலையிலோ காட்டுங்கள். தனியாரிடம் மட்டும் காட்டி மருந்தெடுத்து வீட்டுக்குப் போனால், பொலிஸ் கொடுக்கும் சட்ட மருத்துவப் படிவம் நிரப்பப்படாமலே போகலாம். சட்ட வைத்திய அதிகாரி காயத்தை எந்த வகையில் போடுகிறார் என்பதைப் பொறுத்துத்தான் தண்டனைச் சட்டக் கோவையின் 328இன் கீழா (காயம்), 329இன் கீழா (பாரதூரமான காயம்) குற்றச்சாட்டு என்பது தீர்மானமாகும். எலும்பு முறிவு பாரதூரமான காயத்துக்குள் வரும். டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி, மருந்துக்கடைப் பில் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். மருந்துக்கடைப் பில் சில மாதத்தில் வெள்ளைத் தாளாக மங்கிவிடும், வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுங்கள்.

யாருடைய கை

ஓட்டியவர் ஒருவர், வாகனம் வேறொருவருடையது என்றால் இருவரையும் பார்க்க வேண்டும். உரிமையாளர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பொறுப்பாக மாட்டார். ஓட்டியவர் அவருடைய வேலையாளாக இருந்து அவருடைய வேலையின்போது ஓட்டியிருந்தால், அல்லது அவருக்காகவே ஓட்டியிருந்தால் உரிமையாளர் பொறுப்பு. ஆகவே டிப்பர் சாரதியிடம் "யாருக்கு மண் ஏத்துறீங்க, எங்க கொட்டப் போறீங்க?" என்று அன்றே கேட்பது வீண் பேச்சு அல்ல. அந்தப் பதில் வாக்குமூலத்தில் ஏறினால், நாட்கூலிச் சாரதிக்குப் பதிலாக நான்கு டிப்பர் வைத்திருக்கும் முதலாளி எதிராளியாகிறார்.

ஓப்பன் பேப்பர் வாகனம், அதாவது பெயர் மாற்றாமலே கைமாறிய வாகனம் என்றால் சிக்கல் கூடும். புத்தகத்தில் பெயர் இருப்பவர் மூன்று கை முன்னால் விற்றவராக இருப்பார். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் இலக்கத்தைக் கொடுத்துப் பதிவு விபரம் எடுங்கள். அதில் பதிவுபெற்ற உரிமையாளரோடு முழு உரிமையாளர் என்று லீசிங் கம்பனியின் பெயரும் இருக்கலாம். பொலிஸில் வாகனத்தை விடுவிக்க வருபவர் யார், என்ன கடிதத்தோடு வருகிறார் என்பதையும் கவனியுங்கள். உண்மையான சொந்தக்காரர் முகம் காட்டும் நேரம் பெரும்பாலும் அதுதான்.

நம் மாவட்டத்தில் கடற்படை, இராணுவ வாகனங்களும் அரச திணைக்கள வாகனங்களும் வீதியில் அதிகம். அவற்றோடு நடந்த விபத்துக்கு வழி வேறு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தின்படி அரசும் தன் ஊழியரின் தீங்குக்குப் பொறுப்பு. வழக்கு சட்டமா அதிபருக்கு எதிராகப் போகும். வழக்குக்கு முன் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று சிவில் நடைமுறைச் சட்டக் கோவையின் 461ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஒரு மாதத்தை எண்ணாமல் கடைசி நேரத்தில் போய்த் தோற்றால் பிறகு செய்ய ஒன்றுமில்லை.

உங்களிடம் ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தால்

அப்போது வாகனச் சேதத்துக்கு முதலில் உங்கள் கம்பனியிடம் போங்கள். எதிராளியின் பிழை என்பதற்காக அவரைத் துரத்திக்கொண்டு ஆறு மாதம் காரை நிறுத்தி வைப்பதில் பயனில்லை. விபத்து இடத்திலிருந்தே அழைத்து அசெஸரை (சேதத்தை மதிப்பிடுபவரை) வரச் சொல்லுங்கள். கம்பனி உங்களுக்குக் கொடுத்த பணத்தை எதிராளியிடம் வசூலிக்கும் உரிமை கம்பனிக்குப் போகும். இதை மறந்து எதிராளியிடம் "இனி ஒரு கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த உரிமையை நீங்களே கெடுத்ததாகச் சொல்லி உங்கள் கம்பனி கையை விரிக்கலாம். கம்பனியைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.

கம்பனி முழுவதையும் தராது. எக்செஸ் (ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகை), பழைய பாகத்துக்குப் புதியது போட்டதற்கான தேய்மானக் கழிவு, காரைக் குறைந்த பெறுமதிக்குக் காப்புறுதி செய்திருந்தால் அந்த விகிதக் கழிவு, இழந்த நோ கிளெய்ம் போனஸ், திருத்தும் நாட்களில் வாடகைக்கு எடுத்த வாகனம் என்று ஒரு தொகை உங்கள் தலையில் மிஞ்சும். அந்த மிச்சத்தை எதிராளியிடம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கம்பனியின் கழிவுக் கணக்கை எழுத்தில் வாங்கி வைத்தால் அதுவே உங்கள் கோரிக்கைப் பட்டியல். உங்கள் கம்பனியே அநியாயமாக மறுத்தால் காப்புறுதி ஒம்பூட்ஸ்மனிடமும் (குறைகேள் அதிகாரி) இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம்.

மூன்றாம் தரப்பு மட்டும் எடுத்தவருக்கு இந்த வழி இல்லை. அவருடைய காருக்கு அவருடைய கம்பனி ஒரு சதமும் தராது.

பொலிஸ் மேசையில் சமாதானம்

சமாதானமாக முடிப்பதை நான் குறை சொல்லவில்லை. காப்புறுதி இல்லாத விபத்துகளில் பணம் உண்மையில் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த வழியால்தான். எதிராளிக்கு வழக்குப் பயம் இருக்கும் காலம் அது. அந்தச் சமாதானத்தை எழுதும் விதத்தில்தான் கவனம் வேண்டும்.

தொகை பேசும் முன் இரண்டு கராஜில் எழுத்து எஸ்டிமேட் எடுங்கள். டிங்கர் வேலை, பெய்ன்ட், பாட்ஸ் மூன்றும் தனித்தனியாக இருக்கட்டும். ஹெட்லைட், பனட், ஃபெண்டர் போன்றவற்றுக்குப் புதியதா ரெக்கண்டிஷனா என்று குறித்திருக்க வேண்டும். எதிராளி முதலில் கேட்கும் கேள்வி அதுதான். கழற்றிப் பார்த்த பிறகு கூடக்கூடிய வேலைகளை "கழற்றிய பின் தீர்மானிக்கப்படும்" என்று எஸ்டிமேட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். செசி அடிபட்ட சந்தேகம் இருந்தால் அலைன்மென்ட் பார்க்காமல் தொகை பேசாதீர்கள்.

உடன்படிக்கையில் வாகனச் சேதத்தையும் உடற்காயத்தையும் பிரித்து எழுதுங்கள். காருக்கு மட்டும் பணம் வாங்கும்போது "இது வாகனச் சேதத்துக்கு மட்டும், காயம் தொடர்பான உரிமை தனியாக உண்டு" என்ற வரி இருக்கட்டும். பொலிஸ் புத்தகத்தில் வழக்கமாக எழுதும் "இருவரும் சமாதானமாகினர்" என்ற ஒற்றை வரி பின்னால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததாகக் காட்டப்படும்.

தவணை என்றால், எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தத் திகதி, ஒரு தவணை தவறினால் மிச்சம் முழுவதும் உடனே செலுத்த வேண்டும் என்பது, எல்லாம் எழுத்தில். வாய்வாக்கில் விட்டால் உங்களிடம் இருப்பது விபத்து வழக்கு மட்டும். அதற்குக் காலாவதி 2 வருடம். எழுத்து உடன்படிக்கை இருந்தால் அதன்மேல் வழக்குப் போட 6 வருடம் கிடைக்கும். இரண்டும் 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் உள்ளவை. சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு பொறுப்புச்சீட்டாக (புரொமிசரி நோட்) எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது, சுருக்க நடைமுறையில் வழக்குப் போடலாம். எதிராளி எதிர்வழக்காடவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். யார் பிழை, எந்தப் பக்கம் வந்தான் என்ற கதையெல்லாம் அங்கே பின்னுக்குப் போய்விடும். பின்திகதியிட்ட காசோலை தந்தால் வாங்கலாம், ஆனால் காசோலை யாருடைய கணக்கிலிருந்து என்று பாருங்கள். மச்சானுடைய காசோலையைக் கொடுத்துவிட்டு "அது அவரும் நீங்களும்" என்று ஒதுங்கியவர்கள் உண்டு.

நீதவான் நீதிமன்றமும் மாவட்ட நீதிமன்றமும்

பொலிஸார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டதும் நட்டஈடு தானாக வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். காப்புறுதியில்லாமல் ஓட்டியதற்கான தண்டப்பணம் அரசுக்குப் போகிறது, உங்களுக்கு அல்ல. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டக் கோவையின் 17ஆம் பிரிவின் கீழ், குற்றவாளியாகக் கண்டவரைப் பாதிக்கப்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்கும்படி நீதவான் உத்தரவிடலாம். யாரும் கேட்காவிட்டால் அது நடக்காமலே போகலாம். குற்றத்தை ஒப்புக்கொள்பவரின் வழக்கு முதல் தவணையிலேயே முடிந்துவிடும், அன்று நீங்கள் நீதிமன்றத்தில் இல்லையென்றால் வாய்ப்புப் போய்விட்டது. தவணைத் திகதியைப் போக்குவரத்துப் பிரிவில் கேட்டு அறிந்து, பில்களின் பிரதியோடு சட்டத்தரணி மூலம் முன்வையுங்கள். வழக்கு முடிந்ததும் வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். எதிராளி அங்கே "குற்றவாளி" என்று ஒப்புக்கொண்டது சிவில் வழக்கில் உங்களுக்குக் கைகொடுக்கும்.

முழு இழப்பையும் கேட்கும் இடம் மாவட்ட நீதிமன்றம். விபத்து நடந்த திகதியிலிருந்து 2 வருடம். பொலிஸ் வழக்கு இழுபடுகிறது, அது முடியட்டும் என்று காத்திருந்து இந்த 2 வருடத்தைக் கடத்தியவர்கள் நிறையப் பேர். பொலிஸ் வழக்கு முடியாவிட்டாலும் சிவில் வழக்குப் போடலாம். சட்டத்தில் குறித்த பெறுமதிக்கு உட்பட்ட கோரிக்கை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடு வர வேண்டும். அதற்கும் சில மாதம் ஓடும், ஆகவே ஒரு வருடத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடுங்கள். முதலில் சட்டத்தரணி மூலமான கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலில் போகட்டும். பற்றுச்சீட்டைத் தொலைக்க வேண்டாம். வசதி குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் உண்டு.

என்ன கேட்கலாம்? திருத்தச் செலவு, வைத்தியச் செலவு, போக்குவரத்து, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், நோவுக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. மரணம் என்றால் அவரை நம்பி வாழ்ந்தவர்கள் இழந்த ஆதரவைக் கேட்கலாம், மரணச் செலவும் கேட்கலாம். துக்கத்துக்கென்று தனியாகத் தொகை முன்பு நம் சட்டத்தில் இருக்கவில்லை; 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலையை மாற்றியது, அதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஆனாலும் இழந்த ஆதரவைக் கேட்க, இறந்தவரின் வருமானத்தை நிரூபிக்க வேண்டும்.

அந்த நிரூபிப்பு நம் ஊரில் இலேசானதல்ல. கடற்றொழிலாளிக்குச் சம்பளப் பட்டியல் இல்லை. மீனை வாங்கிய முதலாளி கொடுத்த துண்டுகள், மீனவர் சங்கப் பதிவு, வங்கிப் புத்தகம், பிரதேச செயலகத்தில் உறுதிசெய்த கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று எல்லாம் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். வருமானச் சான்றில் ஒரு பொறி உண்டு. சமுர்த்திக்கோ அஸ்வெசுமவுக்கோ குறைத்து எழுதிய தொகை இருந்தால், நீதிமன்றத்தில் கூட்டிச் சொல்லும் தொகையோடு அது மோதும். எதிராளியின் சட்டத்தரணி அதைத்தான் முதலில் கிளறுவார்.

உங்கள் பக்கமும் பிழை இருந்தால் வழக்கே போச்சு என்றில்லை. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி உங்கள் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையும், அவ்வளவுதான். இரவில் நிலாவெளி வீதியில் கட்டாக்காலி மாட்டைக் கண்டு திடீரென்று நிறுத்தினீர்கள், பின்னால் வந்த பட்டா அடித்தது, உங்கள் பிரேக் லைட் ஒன்று எரியவில்லை என்று வைப்போம். பிரேக் லைட்டை மறைத்துக் கதை சொன்னால், வாகனப் பரிசோதகரின் அறிக்கை வரும்போது உங்கள் மற்றச் சாட்சியமும் சந்தேகத்துக்குள்ளாகும். உள்ளதைச் சொல்லுங்கள், விகிதத்தை நீதிபதி பார்த்துக்கொள்வார்.

அடித்துவிட்டு ஓடியிருந்தால்

வாகனமே தெரியாத விபத்தில் மரணமோ காயமோ ஏற்பட்டிருந்தால், வீதிப் பாதுகாப்புப் பற்றிய தேசிய சபையின் வீதிப் பாதுகாப்பு நிதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். காப்புறுதி இல்லாத வாகனத்தால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டிருந்தாலும் அங்கே எழுத்தில் கேட்டுப் பாருங்கள், முத்திரைச் செலவுதான். வாகனச் சேதத்துக்கு அங்கே போக வேண்டாம். தொகை வர்த்தமானியால் நிர்ணயிக்கப்படுவது, நீதிமன்றம் கொடுக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் சிறியது. விண்ணப்பத்தோடு பொலிஸ் அறிக்கை, மருத்துவ அறிக்கை, மரணம் என்றால் மரணச் சான்றிதழும் மரண விசாரணை அறிக்கையும் வைக்க வேண்டும். பொலிஸ் நிலையம் பிரதி தராமல் இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும்.

தீர்ப்புக்குப் பிறகு

டிக்கிரி (நீதிமன்றத்தின் தீர்ப்பாணை) கையில் வந்தாலும் பணம் தானாக வராது. அதை நிறைவேற்றும் எழுத்தாணை எடுத்து, பிஸ்கால் எனும் நீதிமன்ற அதிகாரி மூலம் எதிராளியின் சொத்தைப் பற்ற வேண்டும். லீசிங்கில் இருக்கும் வாகனத்தில் கைவைக்க முடியாது, அதன் முழு உரிமை கம்பனிக்கு. வங்கியில் ஈடுவைத்த வீட்டில் வங்கிக்குத்தான் முதலிடம். கடன் இல்லாத காணி, சொந்த டிராக்டர், படகும் இயந்திரமும், வங்கிக் கணக்கு போன்றவைதான் பயன் தருபவை. வழக்குப் போடுவதற்கு முன்பே இவற்றைக் குறித்து வையுங்கள். காணியின் விபரம் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் பதிவேட்டைப் பார்த்து, யார் பெயரில், என்ன ஈடு இருக்கிறது என்று அறியலாம். வழக்கு வரும் என்று தெரிந்ததும் மனைவி பெயருக்கோ மகள் பெயருக்கோ மாற்றிவிடுவார்கள். அப்படி நடந்தால் மாற்றிய திகதி முக்கியம். விபத்துக்குப் பிறகு, ஒரு சதமும் வாங்காமல் கொடுத்த உறுதியை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்தலாம்.

எதிராளியிடம் இன்றைக்கு ஒன்றுமே இல்லை, கூலிக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பையன் என்றால், இவ்வளவு செலவழித்து வழக்காடுவதா என்று யோசிப்பது நியாயம். சிறிய சேதம் என்றால் நான் தவணைச் சமாதானத்தைத்தான் சொல்வேன். பெரிய காயமோ மரணமோ என்றால் விட வேண்டாம். டிக்கிரியை நிறைவேற்ற 10 வருடம் இருக்கிறது. அந்தப் பத்து வருடத்துக்குள் அவர் வெளிநாடு போய் வருவார், காணி வாங்குவார், தகப்பன் விட்ட வயலில் பங்கு வரும். அன்றைக்கு எழுத்தாணை கேட்டு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக, தெளிவான டிக்கிரியும் எதிராளியின் சரியான அடையாள அட்டை இலக்கமும் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். அந்த இலக்கம் கிடைப்பது, விபத்து நடந்த அன்று வீதியோரத்தில் நின்று எடுத்த படத்திலிருந்துதான்.